விடுபட்ட ஒன்பது எபிசோடு

அத்தியாயம் 3

செருப்பு அலமாரிக்குள் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பல்லி கதவில் காதை வைத்தான்.

"உயிர் இருக்கு, மேடம்."

"திற."

மேல் தட்டில் இரண்டு ஜோடி செருப்பு. கீழ்த் தட்டில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் பச்சை விளக்கு சிமிட்டியது.

"இதைத்தான் சொன்னேன்," என்றாள் வீட்டுக்காரரின் தங்கை. "நான் வந்ததுலேர்ந்து இந்தச் சத்தம்தான். கண்ணை மூட முடியல. அணைச்சிடுங்க."

அவள் கை ஸ்விட்சுக்குப் போனது. மேடம் அந்தக் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. பதினாறு நாளா இந்த வீட்டுல வேலை பார்க்கறது இது ஒண்ணுதான்."

பதினாறு நாளாக அந்த வீட்டுக்காரர் இல்லை. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகாதவர். டிவி சீரியல்களுக்குக் கீழே ஓடும் எழுத்தை வீட்டிலிருந்தே எழுதுகிற வேலை. மாதக் கடைசியில் எழுத்து வந்து சேரவில்லை என்று கம்பெனி தங்கைக்கு எழுதியது. அதுவரை அவர் இல்லாதது யாருக்கும் தெரியாது. போலீஸ் வந்து பார்த்தது. வீடு பூட்டியிருந்தது; தங்கையிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தார்கள். துணிப்பெட்டி இல்லை. போன் அணைந்திருந்தது. பெரிய மனுஷன், வருவார் என்று எழுதிக்கொண்டு போனது.

தங்கை வேறு ஊரில் இருந்தாள். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் நாள் முழுவதும் போன் எடுக்கும் வேலை. மேடத்தின் அறைக்கு வந்தபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம். "சொல்லாமப் போறவர் இல்லைங்க எங்கண்ணன். எனக்கு ஒரு போன்கூட வரல."

மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைப் பிடித்தவர். இப்போது தனியாகப் பிடிக்கிறார். கம்ப்யூட்டர் தெரியாது. அதற்குத்தான் பல்லி. நாற்பத்தாறு வயது, ரிப்பேர் கடை வைத்து மூடியவன். யார் என்ன சொன்னாலும் சுவரோரமாக நின்று ஒரு சத்தம் கொடுப்பான். அந்தப் பெயர் அப்படி வந்தது.

"முதல்ல எதிர்வீடு," என்றார் மேடம். "அப்புறம் இது."

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தைப்பாள். மெஷின் வாசலைப் பார்த்து இருந்தது.

"நாலு வருஷமா எதிர்த்த வீடு. நாலு வார்த்தை பேசினதில்ல. ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை, லிஃப்ட் சரியாயிடுச்சான்னு கேப்பார். சரியாகலன்னு சொல்வேன். அதோட சரி."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"இருபத்தொண்ணாம் தேதி காலைல. கையில பெட்டி. இறங்கிப் போனார். அன்னைக்கே மத்தியானம் இன்னொருத்தன் வந்தான்."

தங்கை நிமிர்ந்தாள். "யாரு?"

"முதுகுதான் பார்த்தேன். நீலச் சட்டை, யூனிஃபார்ம் மாதிரி. தோள்ல பை, உள்ள இரும்பு சாமான். சாவி போட்டுத் திறந்தான். பத்து நிமிஷம் இருந்தான். போலீஸ்கிட்டயும் சொன்னேன்."

"போறப்ப?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "பூட்டினான். இழுத்தும் பார்த்தான். திருட வந்தவன் பூட்டு விழுந்துச்சான்னு பார்ப்பானா?"

"பொறுப்பான திருடனா இருப்பான்," என்றான் பல்லி.

"நீங்க யாருங்க?"

"பொறுப்பில்லாத நல்லவன்."

மேடம் அவனை முதுகில் தட்டி வெளியே தள்ளினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பல்லி தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, கறுப்புப் பெட்டியோடு இணைத்தான். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை.

"இது சீரியல் மேனேஜர், மேடம். சீரியல் வந்து ஒரு கூடையில விழும். இவன் எடுத்து, பேர் போட்டு, சீசன், எபிசோடுன்னு பிரிச்சு அலமாரியில அடுக்குவான். எது இருக்கு, எது விட்டுப் போச்சுன்னு பட்டியல் வச்சிருப்பான். கன்டெய்னருக்குள்ள ஓடறான்."

"கன்டெய்னரா?" என்றாள் தங்கை. "கப்பல்ல போறதா?"

"அது இரும்பு. இதை லாட்ஜ் ரூம்னு வச்சுக்கோங்க. இவன் அதுல தங்கியிருக்கான். சொந்தமா ஒரு துண்டுகூட உள்ள கிடையாது. பட்டியல், சாமான் எல்லாம் வெளியில. ரூம்ல ரெண்டு ஜன்னல். ஒண்ணு பட்டியலுக்குத் திறக்கும், ஒண்ணு அலமாரிக்கு. கையை நீட்டி எடுப்பான், வைப்பான். அதனால ரூமையே இடிச்சுட்டுப் புதுசா கட்டிக் குடுத்தாலும் விட்ட இடத்துலேர்ந்து வேலையைத் தொடங்குவான்."

"அலமாரி எது?"

பல்லி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினான். "இந்தச் செங்கல்."

திரையில் நாற்பத்தொரு சீரியல். நாற்பதுக்குப் படம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் படம் இல்லை, பெயர் மட்டும். இன்னைக்கு.

"இந்தப் பேர்ல ஒரு சீரியலா?" என்றார் மேடம். "நான் கேள்விப்பட்டதில்லையே."

"நீங்க சீரியல் பார்ப்பீங்களா, மேடம்?"

"போடு."

முதல் எபிசோடு. அதே அறை, அதே நாற்காலி. நாற்காலியில் ஒரு மனிதர். சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டிருந்தார்.

"என் குரலை நானே கேட்டு நாலு நாளாச்சு," என்றார் அவர். "அடுத்தவங்க பேசறதைத்தான் நாள் முழுக்க எழுதறேன். அதனால தினமும் மூணு நிமிஷம் பேசறதுன்னு முடிவு. இன்னைக்கு மழை. லிஃப்ட் ஓடல. ரெண்டு சட்டை துவைச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

மீதி இரண்டு நிமிடமும் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து அணைத்தார்.

"போன்ல எடுத்திருக்கார்," என்றான் பல்லி. "தானா கூடையில விழற மாதிரி பண்ணி வச்சிருக்கார். மேனேஜருக்கு இதுவும் ஒரு சீரியல். இருநூத்தி மூணு எபிசோடு அடுக்கி வச்சிருக்கான்."

"யார் பார்த்தா?"

ஒவ்வொரு எபிசோடுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. யாராவது பார்த்தால் அதில் டிக் விழும். பல்லி மேலிருந்து கீழ்வரை நகர்த்தினான். இருநூற்று மூன்று கட்டமும் வெள்ளை.

"யாரும் இல்ல, மேடம். அவரும் இல்ல."

தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் மாசம் ஒரு தடவை பேசுவேன்," என்றாள். "போன மாசம் முடியல. அதுக்கு முந்தின மாசமும்."

மேடம் குனிந்து திரையைப் பார்த்தார்.

"நூத்தம்பதுலேர்ந்து எபிசோடு பக்கத்துல இன்னொரு சின்ன கோப்பு இருக்கே, அது என்ன?"

"சப்டைட்டில். அவர் பேசறதை அவரே எழுதி ஒட்டியிருக்கார்."

"பேசறதும் அதே பாஷைதானே?"

"அதேதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி. தையல்காரன் தன் சட்டையைத் தானே தைச்சுப் பார்க்கறதில்லையா, அந்த மாதிரி ஒரு ஆசை."

"நூத்தம்பது நாள் வராத ஆசையா? நூறு போடு. அப்புறம் இருநூறு போடு."

நூறில் குரல் சாதாரணமாக இருந்தது. இருநூறில் மரத்தின் மேல் உப்புத்தாள் இழுப்பது போல் இருந்தது. பேசியது புதிதாக ஒன்றும் இல்லை. வெயில். லிஃப்ட் இன்னும் ரிப்பேர். எழுதி முடித்த பக்கம் இருபது.

"சளி பிடிச்சிருக்கு," என்றாள் தங்கை. அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

"அம்பது நாளாவா?" என்றார் மேடம்.

அதோடு விட்டுவிட்டார். பட்டியலின் கடைசியைக் காட்டினார். இருநூற்று நான்கிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை ஒன்பது வரிகள் சிவப்பாக இருந்தன.

"இது?"

"விட்டுப் போனது. இருங்க, நாட்குறிப்பைப் பார்க்கறேன். இவன் செஞ்சது எல்லாத்தையும் எழுதி வைப்பான், புதுக் கணக்குப்பிள்ளை மாதிரி."

பல்லி படித்தான். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"பன்னெண்டாம் தேதி. அலமாரியில இருந்த மூவாயிரத்து நூத்திப் பதினெட்டு எபிசோடும் காணவில்லை. எல்லா சீரியலும். ஒரே நிமிஷத்துல. அப்புறம், இருநூத்தி நாலு வந்தது, பேர் போட்டாச்சு, வச்சாச்சு. மறுநாள் இருநூத்தி அஞ்சு, வச்சாச்சு. இப்படியே இருபதாம் தேதி வரைக்கும் தினம் ஒண்ணு."

"அப்புறம்?"

"இருபத்தொண்ணாம் தேதி, மத்தியானம் மூணே கால். மெஷின் அணைஞ்சு எழுந்திருக்கு. எழுந்ததும் மூவாயிரத்து நூத்திப் பதினெட்டும் கிடைத்தது. வச்சாச்சுன்னு சொன்ன ஒன்பதும் காணவில்லை."

"நீலச் சட்டை," என்றாள் தங்கை.

"மூவாயிரத்தைத் தூக்கிட்டுப் போய், ஒன்பது நாள் வச்சிருந்து, திருப்பிக் கொண்டு வந்து அடுக்கி, கூலிக்கு ஒன்பதை எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றான் பல்லி. "நாணயஸ்தன்."

"சிரிக்காதீங்க!" தங்கையின் குரல் உடைந்தது. "அண்ணன் எதையோ பார்த்திருக்கார். அதைப் பேசியிருக்கார். அதான் அந்த ஒன்பதை மட்டும் அழிச்சிருக்கான். அழிச்சவன் அண்ணனை என்ன பண்ணியிருப்பான்?" மேடத்தின் பக்கம் திரும்பினாள். "உயிரோட இருக்காரா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியாதும்மா. தெரிஞ்சதும் சொல்றேன்."

பல்லி தலையைச் சொறிந்தான். "கன்டெய்னரை எடுத்துட்டுப் புதுசா போட்டுப் பார்க்கட்டுமா? சில பேருக்கு ரூம் மாத்தினாத்தான் புத்தி வரும்."

"எதையும் தொடாதே." மேடம் அந்த ஒற்றை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பன்னெண்டாம் தேதி எல்லாமே ஒரே நிமிஷத்துல போச்சு. ஒண்ணொண்ணா எடுத்தா அப்படிப் போகுமா?"

"போகாது. செங்கல்லையே கழட்டியிருக்காங்க. அலமாரி ஊர் சுத்தப் போயிருக்கு. ஒன்பது நாள் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு."

"சரி. அந்த ஒன்பது நாளும் உன் ஆள் தினம் ஒண்ணு வச்சாச்சுன்னு எழுதியிருக்கான். அலமாரிதான் இல்லையே. எங்க வச்சான்?"

பல்லி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மேடத்தோடு வேலை செய்த ஆறு வருடத்தில் அது இரண்டாவது முறை.

"தரையில," என்றான் கடைசியில்.

"புரியற மாதிரி சொல்லு."

"அவனுக்கு அலமாரியைத் தெரியாது மேடம், ஜன்னலைத்தான் தெரியும். அலமாரியைத் தூக்கிட்டா ஜன்னலுக்கு வெளிய வெறுந்தரை, அதாவது கறுப்புப் பெட்டியோட சொந்த வயிறு. அவன் கையை நீட்டி, தரையில வச்சுட்டு, வச்சாச்சுன்னு எழுதிடுவான். பொய் சொல்லல. அப்புறம் ஒருத்தன் அலமாரியைக் கொண்டு வந்து அதே இடத்துல வச்சா, தரையில இருந்தது..."

"அலமாரிக்குக் கீழ மாட்டிக்கும்."

"கண்ணுக்கே தெரியாது. உலகத்துல எந்தத் திருடனுக்கும் இப்படி ஒளிக்கத் தெரியாது. ஒண்ணும் தெரியாத ஒருத்தனாலதான் முடியும்."

"அப்ப யாரும் எதையும் அழிக்கலையா?" என்றாள் தங்கை.

"மூடியிருக்காங்க," என்றார் மேடம். "செங்கல்லைக் கழட்டு."

பல்லி திரையில் கழற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. மேனேஜரின் பட்டியல் முழுவதும் சிவப்பானது. நாற்பத்தொரு சீரியலும் போயின. பல்லி அலமாரி இருந்த இடத்தைத் திறந்தான்.

காலியாக இருக்க வேண்டிய இடம். ஒரே ஒரு பெயர் இருந்தது. இன்னைக்கு. அதற்குள் ஒன்பது எபிசோடு, ஒன்பது சப்டைட்டில்.

"போடுங்க," என்றாள் தங்கை. இந்த முறை மேடம் சொல்வதற்கு முன்பே.

இருநூற்று நான்கு. அதே நாற்காலி, அதே பொத்தான்கள். வாய் அசைந்தது. வந்தது பெரும்பாலும் காற்று. எழுத்துதான் பேசியது.

'லிஃப்ட் தம்பிக்கு ஹார்ட் டிஸ்க்கைக் குடுத்தேன். ஆறு வாரமா மேல மெஷின் ரூம்லயே தங்கி வேலை பார்க்கறான். சாயங்காலமானா என்ன பண்றதுன்னு தெரியல சார்ங்கறான். என்கிட்ட மூவாயிரம் இருக்கு. நான் எழுதினதுதான் பாதி. எடுத்துட்டுப் போய்யான்னேன்.'

"நீலச் சட்டை," என்றான் பல்லி மெல்ல.

இருநூற்று ஆறு.

'டாக்டர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். குரல் இருக்கற இடத்தையே எடுக்கணுமாம். எடுத்தா பிழைப்பேன். அப்புறம் பேச்சு வராது. எழுதறவர்தானே நீங்க, பெரிய நஷ்டம் இல்லன்னார். நல்ல மனுஷர். ஆறுதல்னு நினைச்சுச் சொன்னார்.'

தங்கை தரையில் உட்கார்ந்தாள். பல்லி அவளைப் பார்த்தான். நிறுத்தவா என்று கண்ணால் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

இருநூற்று ஒன்பது.

'ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னாங்க. என் போன்ல சார்ஜ் இல்ல. அவங்க போன்லேர்ந்தே தங்கச்சியைக் கூப்பிட்டேன். நான்தான்னு சொன்னேன். காத்துதான் போச்சு. யாருன்னா. மறுபடி சொன்னேன். பொம்பளைக்குப் போன் பண்ணி மூச்சா விடறே, வைடா நாயேன்னா.'

திரையில் அவர் தோள் குலுங்கியது. கீழே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று ஓடியது.

'நல்லாத் திட்டறா. தைரியமான பொண்ணு. அவளை யாரும் ஏமாத்த முடியாது. மறுபடி கூப்பிடல. இன்னொரு தடவை பயமுறுத்த வேணாம்.'

பல்லி அடுத்ததைப் போடாமல் நிறுத்தினான்.

"பஸ்ல இருந்தேன்," என்றாள் தங்கை. "சாயங்காலம் அஞ்சரை மணி. தெரியாத நம்பர்." போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேன்."

மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொடவில்லை.

இருநூற்றுப் பத்தில் அவர் ஒரு தாளைக் கேமராவுக்குக் காட்டினார்.

'டிஸ்க்ல ஒரு சீரியல் முடிஞ்சுது சார், அடுத்தது எதுன்னு கேக்க லிஃப்ட் தம்பி வந்தான். மேஜை மேல இந்த ஃபாரத்தைப் பார்த்தான். நான் போடறேன் சார் கையெழுத்துன்னான். உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன எழுதன்னு கேட்டான். தினம் உன்னைத் தம்பின்னுதானே கூப்பிடறேன், அதையே எழுதுன்னேன்.'

கடைசி எபிசோடு இருபது விநாடிதான்.

'நாளைக்குக் காலைல எட்டு மணிக்குச் சேரணும். பாலத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி, நாலாவது மாடி. இதோட இந்த சீரியல் முடிஞ்சுது. பார்த்தவங்க யாராவது இருந்தா, நன்றி.'

பட்டியலில் அந்த வரிக்கு எதிரே டிக் விழவில்லை. அலமாரியில் இல்லாததை மேனேஜர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் நீளமான நடை. சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள், மடியில் பையோடு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் நோயாளியின் துணைக்குக் கொடுக்கும் பாஸ் தொங்கியது.

மேடம் பையை விரலால் தட்டினார். இரும்பு சத்தம் கேட்டது. அவன் விழித்தான்.

"அவர் எப்படி இருக்கார்?"

"நீங்க?"

"நான் தங்கச்சி," என்றாள் தங்கை.

அவன் எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நடுவுல காய்ச்சல் வந்து பத்து நாள் பாடாப் படுத்திடுச்சு. நேத்துலேர்ந்து எழுந்து உக்கார்றார்." அவளுடைய முகத்தைப் பார்த்தான். "உங்ககிட்டச் சொல்லட்டான்னு தினம் கேட்டேங்க. கையை ஆட்டிடுவார். நேத்து மறுபடி கேட்டேன். எந்தக் குரல்ல சொல்றதுன்னு எழுதினார். போனையும் அணைச்சு என்கிட்டக் குடுத்துட்டார்."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறார். அதற்காகத்தான் அவள் வந்தாள். ஆனாலும் அறைக் கதவுப் பக்கம் போகவில்லை.

"டிஸ்க்கை நீங்கதானே கொண்டு போய் வச்சீங்க?" என்றான் பல்லி.

"ஆமாங்க. இருந்த இடத்துல வச்சிடுன்னார். ஒயரை மாட்டினேன். டிவியில ஒண்ணும் வரல. மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வந்துடுச்சு." தயங்கினான். "ஏதாச்சும் கெட்டுப் போச்சுங்களா? எங்க வேலையில பாதி அதுதாங்க."

"எங்க வேலையில முக்காவாசி," என்றான் பல்லி. "ஒண்ணும் கெடல. நாங்கதான் கொஞ்சம் பயந்துட்டோம்."

நர்ஸ் வந்தாள். நால்வரையும் பார்த்தாள்.

"என்ன கூட்டம்? ஒரு பேஷண்டுக்கு ஒருத்தர்தான். ஒரு பாஸ்தான். யார் இருக்கப் போறீங்க?"

யாரும் பேசுவதற்கு முன் நீலச் சட்டைக்காரன் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றினான். நாடா காதில் மாட்டியது. விடுவித்துத் தங்கையிடம் நீட்டினான்.

"சொந்தத் தங்கச்சி வந்துட்டாங்க சிஸ்டர். நான் கையெழுத்துக்குத்தான்." பையைத் தோளில் மாட்டினான். "வீட்டுச் சாவி, போன், மருந்துச் சீட்டு எல்லாம் அந்தக் கவர்ல இருக்குங்க. நாலு மணிக்கு மாத்திரை. தலகாணியைக் கொஞ்சம் உசத்தி வைக்கணும், தட்டையா வச்சா இருமல் வரும். கேக்க மாட்டார், நாமதான் பார்த்து வைக்கணும்."

படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

"லிஃப்ட் இருக்கேய்யா," என்றான் பல்லி.

"அதோட சத்தம் சரியில்லைங்க. நான் ஏற மாட்டேன்."

தங்கை பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. மேடமும் பல்லியும் அதன் வழியே பார்த்தார்கள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. துப்பறியும் வேலை முடிந்துவிட்டது. இருந்தாலும் நின்றார்கள்.

கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு, நடுவில் ஒரு குழாய். சட்டை ஆஸ்பத்திரிச் சட்டை, அதில் பொத்தான் இல்லை. தங்கை கட்டிலின் கால்பக்கம் நின்று ஒரே ஒரு சொல் சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தால் அண்ணா என்றுதான் இருக்க வேண்டும். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவள் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஒருமுறை அவர் தோள் குலுங்கியது. கீழே எழுத்து ஓடாததால் அது சிரிப்பா என்று தெரியவில்லை.

பல்லி ஏதோ சொல்ல வந்தான். மேடம் அவன் கையில் ஒரு தட்டு தட்டினார்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு தலையணைப் பக்கத்திலிருந்த எழுதும் பலகையை எடுத்தார். கதவைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எழுதித் தங்கையிடம் திருப்பிக் காட்டினார்.

அவள் படித்தாள். எழுந்து வெளியே வந்தாள்.

"என்னம்மா எழுதினார்?"

"தம்பி எங்கேன்னு கேக்கறார்."

நடையில் அவள் ஓட ஆரம்பித்தாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். ஆள் தெரியவில்லை. இரண்டு மாடி கீழே, இரும்பு சாமான்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. அவனுடைய பெயர் அவளுக்குத் தெரியாது.

"தம்பி!" என்று கூப்பிட்டாள்.

சத்தம் நின்றது.